தொலைக்காட்சியும் நாமும்: சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



'தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்' என்ற தலைப்பை வகுப்பில் கொடுக்காத தமிழாசிரியர் இந்த நாட்டில் இருப்பாரா? நானும் கொடுத்திருக்கிறேன். முப்பது தாள் திருத்தினால் முப்பதிலும் அதே ஐந்து கருத்துகள்தாம். பொது அறிவு வளரும், மொழி வளம் பெருகும், கண் கெடும், நேரம் வீணாகும், வன்முறை பரவும். அப்புறம் 'அளவுக்கு மிஞ்சினால்' என்று ஒரு பழமொழி, முடிவு. சென்ற ஆண்டு ஒரு மாணவன் மட்டும் கையைத் தூக்கி, "ஐயா, எங்க வீட்ல டிவியே இல்ல, எல்லாரும் போன்லதான் பாக்குறோம். நான் எதுக்கு நன்மை தீமை எழுதணும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. பழைய தலைப்பு அப்படியே இருக்கிறது, உலகம் நகர்ந்துவிட்டது.

அதனால் இந்தக் கட்டுரையில் நன்மை தீமைப் பட்டியலை விட்டுவிடுவோம். வேறு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். என் சிறுவயதில் தமிழில் பார்க்கக் கிடைத்தது வாரத்துக்குச் சில மணி நேரம். இன்று கிடைப்பதற்குக் கணக்கே இல்லை. தேர்வு பெருகியபோது தரமும் பெருகியதா? 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் பதில் எழுதினால் மதிப்பெண் குறையும். ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு வரலாறு வேண்டும்.

நான் வளர்ந்தது சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பழைய சாலையில், இப்போது கேமரன் மலைக்கு லாரிகள் திரும்பும் சந்திப்பு இருக்கிறதே, அந்த வட்டாரம். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், மற்றொரு பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப்போன குளங்கள், நடுவில் கித்தா மரங்கள். பத்து காஜா பக்கம் போனால் கெல்லி கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்ட முதலாளி முழுதாகக் கட்டி முடிக்காமலே 1926-இல் இறந்துபோனார். கட்டடம் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில், தோட்டப்பள்ளி, கடை, கள்ளுக்கடை. தொலைக்காட்சி வருமுன் லயத்து மக்கள் ஒன்றுகூடிய இடங்கள் இவைதாம். இவற்றோடு எப்போதாவது திடலில் படம். 1946-இல் தொடங்கப்பட்ட மலாயா பிலிம் யூனிட் என்ற அரசாங்கப் பட நிறுவனம் எடுத்த செய்திப் படங்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். சுகாதாரம், அவசரகாலம், தேர்தல் என்று விஷயம் இருக்கும். மக்கள் போனது விஷயத்துக்காக அல்ல. துணியில் ஆள் நடப்பதைப் பார்க்கத்தான்!

தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்த தேதி 1963 டிசம்பர் 28. மாணவர்கள் இந்தத் தேதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், அதற்கு முன் என்ன நடந்தது என்பதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். மலேசியா உருவானது அதே ஆண்டு செப்டம்பர் 16. இந்தோனேசியாவுடன் கொன்பிரன்தாசி என்ற மோதல் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதக் குழந்தையான ஒரு நாடு, தன் குடிமக்களிடம் நேராகப் பேச ஒரு வாய் வேண்டும் என்று நினைத்தது. கனடா நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு, கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து ஒளிபரப்பு தொடங்கியது. முதலில் தலைநகர் வட்டாரம் மட்டும். பிறகுதான் மற்ற மாநிலங்கள். அதே 1963-இல் பிப்ரவரியிலேயே சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் நான்கு மொழிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். 1969-இல் வானொலியும் தொலைக்காட்சியும் ஒன்றாகி ஆர்.டி.எம். ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று இரண்டாவது அலைவரிசை வந்தது. தமிழுக்குப் பெரும்பாலும் அங்கேதான் இடம். செய்தி, வாரப் படம், பாட்டு, பண்டிகைக்கு உள்ளூர் நாடகம்.

இதற்கெல்லாம் மக்கள் பணம் கட்டினார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் தொலைக்காட்சி வைத்திருந்தால் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம். 1999 வரை இது இருந்தது. அதிகாரி வந்தால் பெட்டிமேல் போர்வையைப் போட்டு மூடிய கதைகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு.

எங்கள் தோட்டத்தில் முதலில் வந்தது ஒரே ஒரு பெட்டிதான். பொது மண்டபத்தில், மரக் கூண்டுக்குள், பூட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். சாவி மண்டபப் பொறுப்பாளரிடம். ஏரியல் கிளேடாங் மலையைப் பார்த்தபடி மூங்கில் கழியில் நிற்கும். ஈப்போ வட்டாரத்துக்கு அலை அந்த மலைக் கோபுரத்திலிருந்துதான் வரும். காற்று அடித்தால் கழி திரும்பிவிடும். உடனே ஒருவர் வெளியே ஓடிக் கழியைத் திருப்புவார், உள்ளே இருப்பவர்கள் "இன்னும் கொஞ்சம்! போதும்! ஐயோ போச்சு!" என்று கத்துவார்கள். சிறுவர்கள் தரையில், பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வாசலில்.

மின்சாரம் தோட்டத்து இஞ்சினிலிருந்து. அது இரவு பத்து மணிக்கு நின்றுவிடும், படம் நிற்காது. அதனால் தமிழ்ப் படம் போட்ட வாரமெல்லாம் கடைசி அரை மணி நேரம் எங்களுக்குக் கிடையாது. மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், வெட்டுக்குப் போகுமுன், "அப்புறம் என்னாச்சி?" என்பதே பேச்சு. ஈப்போ கொட்டகையில் அந்தப் படத்தை முன்பே பார்த்த ஓர் அக்கா எங்கள் லயத்தில் இருந்தார். அவர்தான் முடிவைச் சொல்வார். சிலசமயம் அவர் சொன்ன முடிவும் படத்தின் உண்மையான முடிவும் வேறு வேறு என்று பல ஆண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் முடிவில் வில்லன் கட்டாயம் அடிவாங்குவான்.

இதைப் படித்துவிட்டு 'ஆகா, பொற்காலம்' என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் பார்த்தவற்றில் பாதி, பலமுறை போட்ட பழைய படம். தமிழ்ச் செய்தி இருந்தது, ஆனால் அது அரசாங்கம் சொல்ல விரும்பிய செய்தி. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பல ஆண்டு உழைத்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். என் அப்பா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது, "லயத்துல ஒரு பேச்சு, பெட்டியில ஒரு பேச்சு" என்பார். வேறு அலைவரிசைக்கு மாற்றிப் பார்க்க வழி இல்லாதவனுக்குக் கிடைப்பதை நம்புவதைத் தவிர வழியில்லை. தேர்வு இல்லாததன் விலை இது.

இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டும். எண்ணிக்கையில் சிறிய சமூகமான நமக்கு, இருந்த இரண்டே அலைவரிசையில் ஏன் நேரம் ஒதுக்கினார்கள்? நல்ல மனது, தேச ஒருமைப்பாடு என்பதெல்லாம் உண்டு. ஆனால் இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. படிவம் ஆறு பொருளியல் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

பீட்டர் ஸ்டைனர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1952-இல் வானொலியைப் பற்றி ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாதத்தை நம் ஊர் எண்களில் சொல்கிறேன். ஓர் ஊரில் 100 பேர். 80 பேருக்குக் குத்துச்சண்டை பிடிக்கும், 20 பேருக்கு நாடகம் பிடிக்கும். போட்டி போடும் மூன்று தனியார் நிலையங்கள் இருந்தால் மூன்றும் எதைப் போடும்? மூன்றுமே குத்துச்சண்டையைத்தான் போடும். 80-ஐ மூன்றாகப் பங்கு போட்டாலும் ஆளுக்கு 26 பேருக்கு மேல் கிடைப்பார்கள். நாடகம் போட்டால் 20 பேர்தான். ஆனால் மூன்று நிலையமும் ஒரே ஆளின் கையில் இருந்தால், அவர் ஒன்றில் குத்துச்சண்டையும் மற்றொன்றில் நாடகமும் போட்டு 100 பேரையும் பிடித்துக்கொள்வார். ஒரே பொருளை மூன்று தடவை போடுவதால் அவருக்கு என்ன லாபம்? அதாவது, அலைவரிசை குறைவாக இருக்கும் காலத்தில், போட்டியைவிட ஒரே உரிமையாளர் இருப்பது சிறுபான்மை ரசனைக்கு நல்லதாகப் போகலாம். ஆர்.டி.எம். இரண்டு அலைவரிசையையும் கையில் வைத்திருந்த காலத்தில் நமக்கு இடம் கிடைத்ததை இந்தக் கணக்கு ஓரளவு விளக்குகிறது.

அடுத்து வந்த காலம் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தது போலவே இருந்தது. 1984 ஜூன் 1 அன்று டிவி3 வந்தது. நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சி, விளம்பரப் பணத்தில் ஓடுவது. நிகழ்ச்சி பளபளப்பாக இருந்தது, உண்மை. ஹாங்காங் தொடர்கள், ஆங்கிலத் தொடர்கள், மலாய் நாடகங்கள். தமிழுக்கு? விளம்பரதாரர் பார்வையில் நாம் அந்த 20 பேர். எப்போதாவது பண்டிகைக்கு நினைவு வரும்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே வீடியோ வந்துவிட்டது. ஈப்போ கடைகளில் சென்னைப் படங்களின் கேசட் வாடகைக்குக் கிடைத்தது. லயத்தில் யாராவது ஒருவர் டெக் வாங்குவார், சனிக்கிழமை இரவு அவர் வீட்டு வாசலில் செருப்பு குவிந்திருக்கும். தலைக்கு ஐம்பது காசு வாங்கியவர்களும் உண்டு. எந்தப் படம் பார்ப்பது என்று நாமே முடிவுசெய்த முதல் காலம் அதுதான். ஒன்றைக் கவனியுங்கள். அப்போது நம் கைக்கு வந்தது சென்னை எடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நாமே எடுப்பதற்கான வசதி அல்ல. இந்த வேறுபாட்டைக் கட்டுரை முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில் தோட்டமும் கரையத் தொடங்கியது. கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனையை வெட்டித் தாமான் கட்டினார்கள். லயத்து மக்கள் ஈப்போவைச் சுற்றி மலிவு வீடுகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் போனார்கள். பொது மண்டபம் போனது, பெரட்டுக் களம் போனது, முடிவு சொல்லும் அக்காவும் எங்கோ பினாங்கு பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது.

1996 வந்தது. அதுவரை தனியார் வீட்டில் செயற்கைக்கோள் தட்டு வைப்பது இந்த நாட்டில் சட்டப்படி கூடாது. அந்த ஆண்டு ஜனவரியில் மீசாட் 1 செயற்கைக்கோள் தென் அமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து மேலே போனது. ஜூன் மாதம் அஸ்ட்ரோ 22 தொலைக்காட்சி அலைவரிசைகளோடு ஒளிபரப்பைத் தொடங்கியது. முன்பெல்லாம் செயற்கைக்கோள் தட்டு என்றால் ஆள் உயரத்துக்கு இருக்கும். மீசாட் பயன்படுத்திய கே.யு. வகை அலைக்கு இரண்டடி அகலத் தட்டே போதும். மலிவு வீட்டுச் சுவரிலும் மாட்டலாம். ஆனால் இந்த அலைக்கு மழை ஆகாது. சிம்பாங் பூலாயில் சாயங்கால மழை குன்றிலிருந்து இறங்கும் நேரமும் தொடரில் மாமியார் உண்மையைக் கண்டுபிடிக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். எந்தத் தாமானிலும் அந்த நேரத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஸ்டைனரின் கணக்கு இங்கே திரும்பி வருகிறது. அலைவரிசை மூன்றாக இருக்கும்போது 20 பேரை யாரும் சீண்ட மாட்டார்கள். ஐந்து, ஆறு, இருபது என்று பெருகினால்? 80-ஐ ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 16தான். அப்போது அந்த 20 பேர் லாபகரமானவர்கள். அதுவும் மாதச் சந்தா கட்டுபவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வானவில் வந்தது, பிறகு சன் டிவி உள்ளிட்ட தமிழக அலைவரிசைகள் வந்தன. நாள் முழுக்கத் தமிழ்! என் அம்மா முதல் மாதம் ரிமோட்டைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. பல ஆண்டு பசியோடு இருந்தவர்களுக்கு விருந்து வைத்தால் அப்படித்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று பார்ப்போம். 1993 ஏப்ரல் 14 அன்று சென்னையில் தொடங்கிய சன் டிவி, தமிழில் நெடுந்தொடர் என்ற வடிவத்தையே நிலைநிறுத்தியது. 1999 இறுதியில் ராதிகாவின் 'சித்தி', 2002-இல் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி', 2003-இல் தேவயானி நடித்த 'கோலங்கள்'. 'மெட்டி ஒலி' 811 பகுதிகள், 'கோலங்கள்' 1,533 பகுதிகள். 'கோலங்கள்' தொடங்கிய ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, அது முடிந்தபோது ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வையே எழுதி முடித்திருக்கும்.

நானும் பார்த்தேன், மறைக்க மாட்டேன். 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதை தொடக்கத்தில் எத்தனையோ சினிமாவைவிட நன்றாகவே இருந்தது. சாதாரண வீடு, சாதாரணப் பேச்சு. அப்படியிருந்தும் ஏன் கடைசியில் எல்லாத் தொடரும் இழுவையாகிறது? எழுதுபவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது எளிது. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சன் டிவி முறையில் தயாரிப்பாளர் அந்த அரைமணி நேரத்துக்குக் கட்டணம் செலுத்தினார், அதில் வரும் விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொண்டார். புதுத் தொடர் தொடங்கினால் ஓடுமா ஓடாதா தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் தொடரை முடிப்பது, பால் கொடுக்கும் மரத்தை வெட்டுவது மாதிரி. அதனால் பட்டை தீர்ந்தபின்னும் சீவிக்கொண்டே இருப்பார்கள். கதாபாத்திரம் திரும்பிப் பார்க்க மூன்று கோணம், நேற்று நடந்ததை இன்று மறுபடி சொல்ல இரண்டு நிமிடம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த உவமை விளங்கும். மாணவர்கள் தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கென்று ஒரு கூடுதல் சிக்கல். சென்னையில் எடுத்த தொடரின் செலவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதைக் கோலாலம்பூரில் மறுபடி ஓட்ட ஆகும் செலவு கொஞ்சம்தான். உள்ளூரில் ஒரு நாடகம் எடுக்க வேண்டுமானால் முழுச் செலவையும் ஏறத்தாழ 20 லட்சம் மலேசிய இந்தியர்களை நம்பித்தான் போட வேண்டும். அவர்களிலும் எல்லாரும் தமிழ் பார்ப்பவர்கள் அல்லர். வணிகக் கணக்கு மட்டும் பேசினால், உள்ளூர் நாடகம் ஒவ்வொரு தடவையும் தோற்கும். வானவில்லும் பிறகு வந்த அலைவரிசைகளும் உள்ளூர் நிகழ்ச்சிகளைத் தயாரிக்கத்தான் செய்தன. பாட்டுப் போட்டி, பேச்சு நிகழ்ச்சி, நாடகங்கள் எல்லாம் வந்தன. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இருந்தாலும் ஒரு வீட்டில் ஒரு நாளில் ஓடும் தமிழ் நேரத்தில் அது எத்தனை பங்கு என்று உங்கள் வீட்டிலேயே கணக்கெடுத்துப் பாருங்கள்.

என் வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் நடக்கும் சீர் வகைகளைச் சொல்லச் சொன்னேன். மளமளவென்று சொன்னார்கள், எல்லாம் தொடரில் பார்த்தது. அடுத்து 'தண்டல்', 'கிராணி', 'பெரட்டு' என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டி எல்லாரும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தவர்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அந்தச் சொற்களை அவர்கள் எந்தத் திரையில் கேட்டிருப்பார்கள்?

'ஆள் கம்மி, அதனால வேற வழியில்ல' என்பவர்களுக்குப் பக்கத்து நாட்டைக் காட்டலாம். சிங்கப்பூரில் நம்மைவிட மிகக் குறைவான தமிழர்களே இருக்கிறார்கள். அங்கே வசந்தம் 2008 அக்டோபரிலிருந்து தனி அலைவரிசையாக இயங்குகிறது, உள்ளூர் நாடகங்களைத் தொடர்ந்து தயாரிக்கிறது. சிங்கப்பூர்ப் பேச்சு, சிங்கப்பூர் அடுக்குமாடி வீடு, சிங்கப்பூர்ப் பிரச்சினை. இது எப்படி முடிந்தது? பொது ஒளிபரப்புக்கு அங்கே அரசாங்க நிதி உண்டு. தலையெண்ணிக்கை முக்கியம்தான். அதைவிட, பணம் யார் பையிலிருந்து, எதற்காக வருகிறது என்பதே தரத்தைத் தீர்மானித்திருக்கிறது. வசந்தம் நாடகம் எல்லாமே உயர்தரம் என்று நான் சொல்லவில்லை, சுமாரானவையும் உண்டு. சுமாரான பத்து எடுத்தால்தான் நல்லது ஒன்று வரும். எடுக்கவே இல்லையென்றால் அந்த ஒன்றும் வராது.

அமெரிக்காவில் 1961-இலேயே நியூட்டன் மினோ என்ற ஒளிபரப்பு ஆணையத் தலைவர், நிலைய முதலாளிகளின் கூட்டத்திலேயே எழுந்து நின்று, உங்கள் தொலைக்காட்சி பரந்த பாழ்நிலம் என்று சொல்லிவிட்டார். அப்போது அங்கே பெரிய நிறுவனங்கள் மூன்றுதான். அலைவரிசை கூடினால் நிலம் பசுமையாகும் என்று பலர் நம்பினார்கள். இன்று நாம் பார்ப்பது வேறு. பசுமையும் இருக்கிறது, பாழும் இருக்கிறது, இரண்டும் முன்பைவிடப் பெரிது. தேடுவதுதான் வேலை. ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர் 1971-இல் இதை முன்கூட்டியே சொன்னார். தகவல் பெருகப் பெருக, அது தின்னும் பொருள் பற்றாக்குறையாகும், அந்தப் பொருள் மனிதனின் கவனம் என்றார். எங்கள் மண்டபத்தில் பற்றாக்குறை நிகழ்ச்சிக்கு. இன்று பற்றாக்குறை நமக்கே.

2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்த நாட்டுக்கு வந்தது. 2019 அக்டோபர் இறுதியில் பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. கிளேடாங் மலையைப் பார்த்து நின்ற பழைய ஏரியலை நேராகப் பெட்டியில் செருகினால் இனிப் படம் வராது, இலக்கமுறைக் கருவி வேண்டும். பலர் அந்தக் கருவியை வாங்கவே இல்லை. கையில்தான் போன் இருக்கிறதே. ஒரு வீட்டில் ஐந்து பேர், ஐந்து திரை. மகன் கொரியா, மகள் தெலுங்கு டப்பிங், அப்பா அரசியல் மேடைப் பேச்சு, அம்மா தொடர், பாட்டி பக்திப் பாட்டு. அடுத்தது என்ன என்பதை இயந்திரம் முடிவுசெய்கிறது. அதன் அளவுகோல் ஒன்றே, எவ்வளவு நேரம் பார்க்க வைத்தது என்பது. நல்ல நிகழ்ச்சி பார்த்தால் சிலசமயம் போனை வைத்துவிட்டு யோசிக்கத் தோன்றும். இயந்திரத்தின் கணக்கில் அது தோல்வி.

இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கலாம். "ஐயா, இதே போன்லதான் நம்ம ஊர்ப் பசங்க எடுக்குற வீடியோவும் வருது" என்று. சரிதான், ஒப்புக்கொள்கிறேன். படப்பிடிப்புக் கருவியின் விலை விழுந்ததால், வரலாற்றில் முதல் முறையாக நம் இளைஞர்கள் யாரிடமும் நேரம் கேட்காமல் நம் பேச்சிலேயே எடுத்துப் போடுகிறார்கள். 'பசியாறிட்டியா' என்று கேட்கிறார்கள், 'காடி' என்கிறார்கள், ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சென்னைத் தமிழை இரவல் வாங்கி நடித்த பழைய உள்ளூர் நாடகங்களைவிடச் சில ஐந்து நிமிட வீடியோக்கள் உண்மையாக இருக்கின்றன. குறை என்னவென்றால், ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைக்கலாம். ஒரு தோட்டம் மூடப்பட்ட கதையை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. அதற்குக் காலமும் பணமும் வேண்டும்.

அப்படிக் காலம் எடுத்துச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் திரைக்கு வந்தது. தொலைக்காட்சி நாடகமல்ல, திரைப்படம். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு சிறுவன், குண்டர் கும்பல். பேச்சு முழுக்க நம் பேச்சு. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழிவாரியாகப் பிரிப்பது பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குப் போனது. எத்தனை அலைவரிசை வந்தபின்னும் இப்படி ஒரு கதை நம் திரைக்கு வர இவ்வளவு ஆண்டு ஆனது ஏன் என்று உங்கள் கட்டுரையில் கேளுங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைக்காட்சி பற்றிய தலைப்பைக் கொடுக்கும்போது, நன்மை தீமைக்குப் பதிலாக ஒரு வட்டார வரலாற்று வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். மாணவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்கட்டும். முதலில் தொலைக்காட்சி பார்த்தது எங்கே? பெட்டி யாருடையது? பூட்டு இருந்ததா? எத்தனை மணிக்கு விளக்கு அணையும்? எந்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தீர்கள், எதை மறுநாள் பேசினீர்கள்? அப்போது பெட்டியில் வராத எந்தச் செய்தி லயத்தில் பேசப்பட்டது? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே போனில் பதிவு செய்யுங்கள், திருத்தி 'நல்ல தமிழ்' ஆக்க வேண்டாம். 'இஞ்சின்' என்றால் 'இஞ்சின்'தான்.

சென்ற தவணையில் என் மாணவி ஒருத்தி இப்படிப் பதிவு செய்து கொண்டுவந்தாள். அவள் பாட்டி கம்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். பாதியில் விளக்கு அணைந்த ஒரு படத்தின் முடிவு இன்றுவரை தெரியாது என்று பாட்டி சொல்ல, இவள் உடனே போனில் தேடிக் கடைசி இருபது நிமிடத்தைப் போட்டுக் காட்டினாளாம். "பாட்டி பாத்தாங்களா?" என்று கேட்டேன். "பாத்தாங்க ஐயா. ஆனா பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டு, அன்னிக்கு மண்டபத்துல யார் யார் பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு பேர் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. இருபத்தி மூணு பேரு. எல்லாத்தையும் எழுதிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அந்தப் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மண்டபங்களில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தப் பள்ளி விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.